ரோமில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் பாரிஸுக்குப் போனது ஏன்?

மேற்கு மாம்பலத்துத் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு ஆண்டுகளாக ஆல்டோ சாக்ஸபோன் கற்று, கிரேடு தேர்வுகளையும் ஒவ்வொன்றாக எழுதி வருகிறாள். கடந்த மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் ஓயாமல் ஒலிப்பது ஸ்டெஃபானோ டி பாட்டிஸ்டா என்னும் இத்தாலியக் கலைஞரின் வாசிப்புதான். நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன்; என் அப்பா என்னைக் கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிகளுக்குக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார். ஜாஸில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. இருந்தாலும் இந்த மனிதர் ஊதும்போது சமையலறையில் இருப்பவர்கள்கூட ஒரு கணம் நின்று கேட்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரச்சினை இசையில் இல்லை. அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட முடிவில் இருக்கிறது. "ரோம் மாதிரியான நகரத்தில் பிறந்தவருக்கே சொந்த ஊர் போதவில்லை. பாரிஸுக்குப் போன பிறகுதான் அவருக்குப் பெயர் வந்தது. அப்படியிருக்க நான் சென்னையில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்?" என்று கேட்கிறாள். பட்டப்படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்கிறாள். எதிர்த்துப் பேசவும் எனக்கு மனமில்லை, தெரியாத துறையைப் பற்றித் தலையாட்டவும் மனமில்லை. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து, ஆதாரம் இல்லாத எதையும் நம்பாமலிருப்பது பழக்கமாகிவிட்டது.

ஆகவே தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். அவர் ஊரைவிட்டுப் போனது வாய்ப்பில்லாமலா? போவதற்கு முன் என்ன நிலையில் இருந்தார், யார் அவரை அழைத்தார்கள்? ஜாஸ் என்றால் அமெரிக்கா என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஏன் பாரிஸ்? அங்கே இவர்கள் எதைக்கொண்டு மாதச் செலவைச் சமாளிக்கிறார்கள்?

புதுப்பேட்டைப் பித்தளை பதில்:

வணக்கம் ஐயா. முப்பத்தைந்து ஆண்டுகள் ஹோட்டல் பேண்டுகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் டெனர் சாக்ஸபோன் வாசித்து இப்போது ஓய்வில் இருப்பவன் நான். நீங்கள் குறிப்பிடும் கலைஞரைத் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து கேட்டு வருகிறேன். உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை அவர் கவனிக்கவில்லை. அந்தப் பாதிதான் அவருக்குப் பயன்படக்கூடியது.

டி பாட்டிஸ்டா 1969இல் ரோமில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், பெரும்பாலும் சிறுவர்களே இருந்த ஒரு பேட்டை பேண்டில் சாக்ஸபோனைத் தொட்டார். நம் ஊர்க் கல்யாண பேண்டில் அண்ணன்மார்களோடு நின்று ஊதக் கற்றுக்கொள்ளும் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய வேறுபாடில்லை. அமெரிக்க ஆல்டோக் கலைஞர் ஆர்ட் பெப்பரின் இசைத்தட்டுகள் அவரை ஜாஸ் பக்கம் இழுத்தன. அதன் பிறகு அவருக்குக் கிடைத்தவர் மாஸிமோ உர்பானி. இந்தப் பெயரை உங்கள் மகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள், ஏனென்றால் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உர்பானியும் ரோம்காரர், 1957இல் பிறந்தவர், ஆல்டோ வாசித்தவர். அமெரிக்க ஆல்டோ மேதை சார்லி பார்க்கரின் மொழியைத் தாய்மொழி போலப் பேசியவர் என்று அவரைப் பற்றிச் சொல்லலாம். நான் கேட்டவரையில் ஐரோப்பிய ஆல்டோக்காரர்களில் அவ்வளவு சூட்டோடு ஊதியவர்கள் குறைவு. போதைப் பழக்கம் அவரைக் கொண்டுபோனது; 1993இல், முப்பத்தாறு வயதில் இறந்தார். இத்தாலிக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர்கள் இன்றும் கொஞ்சம்தான். ஆனால் இத்தாலியில் அவர் பெயரால் இளம் ஜாஸ் கலைஞர்களுக்கு ஒரு விருதே இருக்கிறது. டி பாட்டிஸ்டாவுக்கு இவர்தான் வழிகாட்டி. அதே சமயம் அவர் இசைக் கல்லூரியிலும் சேர்ந்து, செவ்வியல் முறைப்படி சாக்ஸபோன் பயின்று பட்டம் பெற்றார். ஒரு பக்கம் தாளைப் பார்த்துத் துல்லியமாக வாசிக்கும் பயிற்சி, இன்னொரு பக்கம் உர்பானியின் பக்கத்தில் நின்று கற்ற அடிதடி. இந்த இரண்டும் இத்தாலியில் கிடைத்தவை. பாரிஸ் இவற்றில் எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை.

1992இல் கோர்சிகா தீவிலுள்ள கல்வி என்னும் ஊரின் ஜாஸ் விழாவில் (நம் 'கல்வி' அல்ல, ஊரின் பெயரே அப்படி அமைந்துவிட்டது) அவரைக் கேட்ட பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் ஜான்-பியேர் கோமோ பாரிஸுக்கு அழைத்தார். போனவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பத்து ஆண்டுப் பயிற்சி கையில் இருந்தது. ஒரேயடியாக மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை, முதலில் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். ரோமுக்கும் பாரிஸுக்கும் இடையேயான வான்வழித் தூரம், சென்னைக்கும் மும்பைக்கும் உள்ளதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நடுவில் விசா என்ற கதவும் அவருக்கு இல்லை.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1994இல் தொடங்கிய லொரான் குயின்யியின் தலைமையில் பிரான்சின் தேசிய ஜாஸ் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. 1997இல் முதல் தனித்தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் பியானோக் கலைஞர் மிஷேல் பெத்ருச்சியானியின் ஆறு பேர் கொண்ட குழுவின் 'போத் வேர்ல்ட்ஸ்' தொகுப்பில் வாசித்தார். உடன் வாசித்தவர்கள் டிராம்போனில் பாப் புரூக்மெயர், பேஸில் ஆண்டனி ஜாக்சன், டிரம்ஸில் ஸ்டீவ் காட். மூன்று பேரும் அமெரிக்காவின் முதல் வரிசை. அடுத்த ஆண்டே ப்ளூ நோட் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் அவருடைய தொகுப்பு வெளிவந்தது. 2000இல் வந்த தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ், அதாவது அமெரிக்க சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் இருந்த அதே எல்வின் ஜோன்ஸ். முப்பத்தொரு வயதுக்காரர் எழுபதைக் கடந்த அந்தப் பெரியவருக்கு முன்னால் நின்று ஊதுகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் மூத்தவர்கள் முன்னிலையில் நாக்கு உலர்ந்துபோன அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் இவர் எப்படி மூச்சைப் பிடித்து நின்றார் என்றுதான் தோன்றும்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: வாய்ப்பில்லாமல் போகவில்லை. வாசிப்பு முதலில் முதிர்ந்தது, அழைப்பு பிறகு வந்தது.

லொம்பார் தெரு பதில்:

மேலே எழுதிய பெரியவருக்கு வணக்கம். நான் இசைக்கலைஞன் அல்லன். மென்பொருள் வேலையாகப் பாரிஸில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது வேளச்சேரியில் வசிக்கிறேன். அங்கிருந்தபோது என் சம்பளத்தில் கணிசமான பங்கு லொம்பார் தெருவில்தான் கரைந்தது. ஆகவே ஏன் பாரிஸ், எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தெரு நகரின் நடுவே, ஷாத்லே நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. ட்யுக் தே லொம்பார், சன்செட்-சன்சைட், பேசே சாலே என்ற ஜாஸ் மன்றங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்திருக்கின்றன. மார்கழியில் மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு ஒரு கச்சேரி விட்டு இன்னொரு கச்சேரிக்கு ஓடுகிறோமே, அங்கே அந்த ஓட்டத்துக்கு ஆட்டோ தேவையில்லை. சாலையைக் கடந்தால் போதும். ஒரு மன்றத்தில் வாசித்து முடித்தவர் அடுத்த மன்றத்தின் வாசலில் நின்று மற்றவரைக் கேட்கிறார். அங்கே பேச்சு நடக்கிறது, மறுவாரம் யாருக்கோ ஆல்டோக்காரர் தேவைப்படுகிறார், வேலை கைமாறுகிறது. எழுத்து விண்ணப்பம் என்று ஒன்று அந்தத் தொழிலில் கிட்டத்தட்டக் கிடையாது.

மேலும், பாரிஸ் ஜாஸ் உலகத்தில் இத்தாலி ஏற்கெனவே குடியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டிரம்ஸ் கலைஞர் ஆல்தோ ரொமானோ வட இத்தாலியின் பெல்லூனோவில் 1941இல் பிறந்து, சிறுவயதிலேயே பிரான்சுக்கு வந்தவர். பெத்ருச்சியானி பிரான்சின் ஒராஞ்ஜ் நகரில் பிறந்தவர் என்றாலும் குடும்பத்தின் பூர்வீகம் இத்தாலி. டூரின் நகரத்து டிரம்பட் கலைஞர் ஃபிளாவியோ போல்த்ரோ, டி பாட்டிஸ்டாவின் தோளோடு தோள் நின்று பல ஆண்டுகள் வாசித்தவர். பெத்ருச்சியானியின் அதே குழுவிலும் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். வெளியூரில் முதல் வேலை பெரும்பாலும் ஊர்க்காரர் மூலமாக வரும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்லவே. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த ஆல்டோக்காரர்கள் குவிந்திருக்கிறார்கள். போட்டி கடுமை, வாடகை அதைவிடக் கடுமை. வெளிநாட்டுக் கலைஞர் அங்கே வேலை செய்ய வேண்டுமென்றால் அசாதாரணத் திறமை உடையவர் என்று காகிதத்தில் நிரூபித்து அதற்குரிய விசா வாங்க வேண்டும். பாரிஸில் இருந்துகொண்டே அமெரிக்கக் கலைஞர்களோடு வாசிக்க முடிந்தால், இத்தாலியர் ஒருவர் அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்கு அவசரப்பட வேண்டிய அவசியம் என்ன? பெரியவர் சொன்ன பட்டியலைப் பாருங்கள்: புரூக்மெயர், காட், ஜாக்சன், எல்வின் ஜோன்ஸ். எல்லோரையும் அவர் பாரிஸ் வழியாகத்தான் அடைந்தார்.

இனிப் பணம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறியாதது இதுதான். பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கும் திரைத்துறைத் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் தனியான வேலையின்மைக் காப்பீட்டு முறை ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேரம் முறைப்படி பதிவான வேலை காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். கச்சேரி நடத்துபவர் கலைஞருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்து, சமூகப் பாதுகாப்புப் பங்கையும் கட்ட வேண்டும். கையில் கவரை வைத்து அழுத்திவிட்டு அனுப்பினால் அந்த மணி நேரம் கணக்கில் சேராது; எனவே கலைஞரே சீட்டைக் கேட்டு வாங்குகிறார். இந்த ஏற்பாடு இருப்பதால்தான், பெரிய பெயர் இல்லாத நடுத்தரக் கலைஞர்கூட வாடகை கட்டிக்கொண்டு வாரத்துக்கு நான்கு நாள் சாதகம் செய்ய முடிகிறது. இதோடு தேசிய ஜாஸ் இசைக்குழு வேறு. 1986இல் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் முயற்சியில் அரசுப் பணத்தில் அமைந்தது அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைவர் மாறுவார், அவர் தமக்கு வேண்டிய கலைஞர்களைத் தேர்ந்தெடுப்பார். இருபத்தைந்து வயது இத்தாலியர் ஒருவருக்குப் பிரெஞ்சு வரிப்பணத்தில் இடம் கிடைத்தது என்பதை நான் சற்றுப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

போகிற போக்கில் இன்னொன்று. சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸே பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்து, 1842இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தவர். 1846இல் காப்புரிமை வாங்கியதும் அங்கேதான். அந்த வாத்தியத்துக்கே பாரிஸ் புகுந்த வீடு.

நங்கநல்லூர் ரசிகன் பதில்:

மேலே உள்ள இரண்டு பதில்களும் தகவல் நிறைந்தவை. ஆனாலும் இந்த 'வெளியே போனால்தான் விடியும்' என்ற எண்ணத்துக்கு இங்கே மறைமுகமாக நெய் ஊற்றப்படுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கத்தையும் அந்தப் பெண் அறிய வேண்டும்.

பிரான்செஸ்கோ கஃபீசோ என்று ஓர் ஆல்டோக் கலைஞர் இருக்கிறார். 1989இல் சிசிலித் தீவின் வித்தோரியா என்னும் ஊரில் பிறந்தவர். இத்தாலியில் நடந்த ஒரு ஜாஸ் விழாவில் அவரைக் கேட்ட அமெரிக்க டிரம்பட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ், 2003இல் தம் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் அந்தச் சிறுவனைச் சேர்த்துக்கொண்டார். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்! அவர் குடிபெயரவில்லை, உலகம் அவரைத் தேடி வந்தது. இத்தாலியிலேயே 1973இல் தொடங்கிய உம்பிரியா ஜாஸ் விழா பெருஜியாவில் நடக்கிறது, சியேனாவில் எழுபதுகளிலிருந்து ஜாஸ் பயிற்சி நடக்கிறது. ஆகவே டி பாட்டிஸ்டா போயிருக்கவே தேவையில்லை என்றுகூட வாதிடலாம்.

நம்மிடமே கத்ரி கோபால்நாத் இல்லையா? மேல்நாட்டு வாத்தியத்தை எடுத்து, அதில் கமகம் வருமாறு மாற்றங்கள் செய்து, கர்நாடக இசை மேடையில் நிலைநாட்டினார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி நடத்தும் புரோம்ஸ் விழாவிலும் வாசித்தார். அவர் பாரிஸில் குடியேறியா பெயர் வாங்கினார்? சொந்த மண்ணின் இசையில் நின்றவரை உலகம் அழைத்துக் கேட்டது. வாய்ப்பு வெளியில் இருக்கிறது என்று ஓடுவதைவிட இங்கே ஏதாவது ஒன்றை ஊன்றுவது மேல்.

புதுப்பேட்டைப் பித்தளை பதில்:

ரசிகர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கத்ரியை அவர் எடுத்தது நல்ல உதாரணம்தான், ஆனால் அது அவர் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது.

கத்ரி கோபால்நாத் சென்னைக்காரர் அல்லர். மங்களூர்ப் பகுதியில் பிறந்தவர். தந்தை நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் ஆசை கொண்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். மொழி வேறு, மாநிலம் வேறு, சபாக்களின் மனநிலை வேறு. அவருக்குச் சென்னைதான் வெளியூர். ரோம்காரருக்குப் பாரிஸ் எதுவோ அதுதான் மங்களூர்க்காரருக்குச் சென்னை. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஆல்டோக் கலைஞர் ஜான் ஹாண்டி இவர் வாசிப்பைக் கேட்டு மேடையில் சேர்ந்து வாசித்ததும், அது இவருக்குப் பெரிய திருப்பமாக அமைந்ததும் ஊரறிந்தவை. அதுவும் ஊரைவிட்டு வெளியே நடந்ததுதானே?

கர்நாடக இசையின் கதையே இப்படித்தான் என்று என் காலஞ்சென்ற மைத்துனர், மிருதங்கம் வாசித்தவர், சொல்வதுண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள் காவிரிக்கரையில் வாசிப்பைக் கற்றுக்கொண்டு, வேலைக்குச் சென்னைக்கு வந்தார்கள். 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கிய பிறகு அந்த வருகை இன்னும் கூடியது. கும்பகோணத்தில் ஞானம் குறைந்துபோனதாலா வந்தார்கள்? இல்லை. சபா, வானொலி, இசைத்தட்டு நிறுவனம், பத்திரிகை விமர்சகர், உடன் வாசிக்கும் பக்கவாத்தியக்காரர் எல்லாம் ஒரே நகரத்தில் இருந்தார்கள். டி பாட்டிஸ்டாவின் பாரிஸும் அப்படித்தான்.

கஃபீசோ விஷயம் உண்மை. ஆனால் விண்டன் மார்சாலிஸ் வந்து கேட்கும் விழா பக்கத்திலேயே நடக்கும் நாட்டில் பிறந்ததும் ஒரு கொடுப்பினை. நம் பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது.

இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும். டி பாட்டிஸ்டா பாரிஸில் நின்றுவிடவில்லை, இத்தாலிக்குத் திரும்பினார். 2002இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயரிலேயே ரோமா இருக்கிறது. 2005இல் அவருடைய நால்வர் குழுவும் பாடகி நிக்கி நிகொலாயும் சேர்ந்து சான் ரெமோ பாட்டு விழாவில் குழுப் பிரிவில் முதலிடம் பெற்றார்கள். சான் ரெமோ என்பது ஜாஸ் விழா அல்ல. இத்தாலியில் தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும் மெல்லிசைப் போட்டி. அந்த மேடையில் ஒரு ஜாஸ் நால்வர் குழு ஏறி நின்றது. தூய்மைவாதிகள் சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். சினிமாப் பாட்டுக்கு ஊதிப் பிழைத்த எனக்குச் சுளிக்க உரிமையில்லை. 2021இல் எனியோ மொரிக்கோனேயின் திரையிசையை எடுத்துக்கொண்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார். மொரிக்கோனேயும் ரோம்காரர். பாரிஸில் பெற்ற அனுபவத்தோடு சொந்த ஊரின் மெட்டை வாசிக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

மேற்கு மாம்பலத்துத் தந்தை பதில்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பதில்கள் அனைத்தையும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். உர்பானியின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நேற்றிரவு இரண்டு மணிவரை அவரையே கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கண்கள் சிவந்திருந்தன, தூக்கமின்மையாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

அவள் சார்பில் ஒரு மறுப்பு. "எல்லா உதாரணங்களும் ஆண்களாகவே இருக்கிறார்களே, ஆதா ரொவாத்தியை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்கிறாள். இத்தாலியின் பாவியா பகுதியைச் சேர்ந்தவராம், டெனர் வாசிப்பவராம். பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரிக்கு உதவித்தொகையில் போய், பிறகு நியூயார்க்கில் நிலைத்து, சொந்தப் பெயரில் பல தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறாராம். டிரம்பட் கலைஞர் ராண்டி பிரெக்கர் அவருடைய கணவர். எனவே பாரிஸ் ஒன்றுதான் வழி என்று லொம்பார் தெரு நண்பர் சொல்வதை அவள் ஏற்கவில்லை.

என் பங்குக்கு ஒரு கேள்வி. 507 மணி நேரம் என்று நண்பர் எழுதியதை ஒரு தாளில் குறித்துப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு கச்சேரி மூன்று மணி நேரம் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 169 கச்சேரிகள் ஆகின்றன. இது நடக்கிற காரியமா? இந்தியப் பெண் ஒருத்திக்கு அந்தக் காப்பீடு கிடைக்குமா?

லொம்பார் தெரு பதில்:

உங்கள் மகளின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ரொவாத்தியின் வழி படிப்பின் வழியாகப் போன வழி. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையில் அதுவே பொருந்தும், ஏனென்றால் மாணவர் விசா என்பது நாம் தட்டக்கூடிய கதவு. விழாவில் கேட்டுவிட்டு 'வா' என்று யாரேனும் அழைத்தால் மறுநாள் விமானம் ஏறுவது இத்தாலியருக்கு முடியும், நமக்கு முடியாது. டி பாட்டிஸ்டாவின் கதையிலிருந்து அப்படியே நகலெடுக்க முடியாத பகுதி அது ஒன்றுதான், ஆனால் பெரிய பகுதி.

கணக்கு பற்றி: கச்சேரிக்கு எத்தனை நிமிடம் மேடையில் இருந்தோம் என்பதை வைத்து அங்கே மணி நேரம் கணக்கிடுவதில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தொகையாகச் சம்பளம் கொடுக்கும்போது அது பன்னிரண்டு மணி நேர வேலையாகப் பதிவாகும். ஆகவே ஏறத்தாழ 43 நிகழ்ச்சிகள் முறையாகப் பதிவானால் போதும். வங்கிக்காரர் கண்ணுக்கு 43 சிறியதாகத் தெரியும்; ஜாஸ் வாசிக்கும் இளைஞர்களைக் கேட்டால் அந்த நாற்பத்து மூன்றைத் திரட்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது என்பார்கள். குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தும், திருமணங்களில் வாசித்தும் நிரப்புகிறார்கள். காப்பீட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் சட்டப்படி வேலை செய்யும் அனுமதி வேண்டும். மாணவர் விசாவில் வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே படிக்கும் ஆண்டுகளில் இந்த வருமானத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

நங்கநல்லூர் நண்பருக்கும் ஒரு சொல்: ஊன்றுவது மேல் என்று நீங்கள் சொன்னதை நான் எள்ளவில்லை. நான் பாரிஸிலிருந்து திரும்பியவன்தான். ஆனால் திரும்பிவந்து ஊன்றுவதற்குப் போய்வருவது தேவைப்படலாம்.

நங்கநல்லூர் ரசிகன் பதில்:

கத்ரி விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சென்னையை யாரும் வெளியூர் என்று நினைக்க முடியும் என்பதே நங்கநல்லூர்க்காரனுக்குத் தோன்றாமல் போய்விட்டது. கஃபீசோவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுப்பேட்டைப் பித்தளை பதில்:

மகளுக்கு நேரடியாகச் சில வார்த்தைகள் எழுதுகிறேன், தந்தையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா, 'போத் வேர்ல்ட்ஸ்' தொகுப்பை எடுத்துக்கொள். அதில் தனி வாசிப்புகளை ஒதுக்கிவிட்டு, டிரம்பட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் சேர்ந்து ஊதும் இடங்களை மட்டும் நான்கு நாட்கள் கேள். அந்தக் குழுவுக்கான இசையமைப்பை விரித்து எழுதியவர் புரூக்மெயர். மூன்று காற்றுவாத்தியங்களும் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிகின்றன. ஒருவர் அரை இழை முந்தினாலும் பித்தளை பிசிறும். டி பாட்டிஸ்டா அங்கே தன் தொனியைச் சுருக்கி, டிரம்பட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பிறகு தனி வாசிப்பு வரும்போது அதே மனிதர் எப்படி விரிகிறார் என்று பார். எங்கள் காலத்தில் ஒலிப்பதிவுக்கு மறுபடியும் அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் முதலாவதைத் தெரிந்தவர்கள். தனி வாசிப்பில் மட்டும் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களை ஒரு தடவை அழைத்துப் பாராட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கிரேடு தேர்வு உனக்குத் தாள் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கும், அது பெரிய சொத்து. 1998இல் வந்த அவருடைய தொகுப்பின் இத்தாலியப் பெயருக்கே 'பார்த்த மாத்திரத்தில்' என்றுதான் பொருள்; தாளைப் பார்த்ததுமே வாசிப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் உர்பானி போன்ற ஒருவரின் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ளும் அடி இன்னும் உனக்குக் கிடைத்திருக்காது. அப்படிப்பட்டவர் நான் அல்லன். இருந்தாலும் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு டிரம்பட், ஒரு டிராம்போன், ஒரு டிரம்ஸ் கூடுகின்றன. மூவருக்கும் சேர்த்து வயது இருநூறைத் தொடும். ஆல்டோ இடம் நான்கு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது.

பத்து மணிக்கு மேல் அப்பாவை அழைத்துக்கொண்டு வா. ஊதுவாயில் பொருத்தும் ரீட் இரண்டு கூடுதலாக எடுத்து வா, மாடியில் வெயில் அதிகம், சீக்கிரம் உலர்ந்துவிடும். முகவரியைத் தந்தையாருக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்துத் தந்தை பதில்:

செய்தி கிடைத்தது ஐயா. சனிக்கிழமை வருகிறோம். டிரம்பட்டுக்கு அடியில் உட்காருவது என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறாள். அதை நீங்களே சொல்லிக்கொடுங்கள்.